அப்பாவுக்கு ஒரு வாய் சூப்

அப்பாவின் உள்ளங்கால் நனைந்திருந்தது.

கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டிக்குள் முந்தின நாள் மத்தியானத்திலிருந்து படுத்திருப்பவரின் கால் நனைந்திருப்பதில் என்ன அதிசயம் என்று காசிநாதன் மாமா கேட்டார். அவர் ஒரு கேள்வி கேட்டால் பதிலையும் அவரே கையோடு கொண்டுவந்திருப்பார். எதிரில் இருப்பவர் தலையாட்டினால் போதும்.

"காத்துல இருக்கற ஈரம்தாம்மா. சயின்டிபிக் மேட்டர். நீ கணக்கு டீச்சர், ஒனக்குப் போயி நான் சொல்லணுமா?"

இளமதி தலையாட்டவில்லை. காற்றில் இருக்கிற ஈரம் என்றால் முகத்திலும் இருந்திருக்க வேண்டும். முகம் காய்ந்திருந்தது. தாடையைச் சேர்த்து இழுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்ட வெள்ளைத் துணி காய்ந்திருந்தது. நெற்றியில் ஒட்டியிருந்த காசு காய்ந்திருந்தது. கால் மட்டும்தான். சேர்த்துக் கட்டியிருந்த இரண்டு கட்டைவிரல்களின் இடுக்கில் துருவிய தேங்காய்ப்பூ போல வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. புது வேட்டியின் கரை ஒரு சாண் உயரத்துக்கு நனைந்து, விறைத்து, அட்டை மாதிரி நின்றது. படுத்திருப்பவரின் வேட்டி அப்படி நனையாது. நடந்தவரின் வேட்டிதான் அப்படி நனையும்.

மெஷினைப் பார்க்க வந்திருந்த பெட்டிக்காரர் பாண்டியன், மூடியைத் தூக்கி ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

"பிச்சிக்கிட்டு புடிக்குதுக்கா. ஊட்டி தோத்துச்சு போங்க." மாலையைச் சரிசெய்தவர் பூவுக்குள்ளிருந்து பச்சையாக எதையோ உருவினார். "இது என்னா, சவுக்கு எலையா? இங்க எப்பிடி வந்துச்சு?"

"பூக்கடையில கலந்திருக்கும்," என்றார் மாமா. அதற்கும் பதில் தயாராக இருந்தது.

இளமதி அதை வாங்கிப் பார்த்தாள். கடலூரில் அவள் வகுப்புப் பிள்ளைகள் சவுக்கு இலையைக் கணுக்கணுவாகப் பிரித்து, மறுபடி செருகி, எந்த இடத்தில் ஒட்டினேன் சொல் என்று பெஞ்சுக்கு அடியில் விளையாடுவார்கள். பிடுங்கிப் பிடுங்கி அவள் மேஜை நிறையச் சேரும். இதை இழுத்தாள். பிரியவில்லை. கணுவே இல்லாத ஒரே ஊசி. மோந்து பார்த்தாள். தரை துடைக்கிற மருந்தில் கலக்கிற ஏதோ குளிர்நாட்டு மரத்தின் வாசனை.

அந்த மரத்தை நேற்று சாயங்காலம்தான் டிவியில் பார்த்திருந்தாள்.

அப்பா ராஜமாணிக்கம் சர்க்கரை ஆலையில் பாய்லர் பக்கத்தில் நின்று வெந்தே ரிட்டையர் ஆனவர். பிழைப்பு முழுக்க வெக்கையில் கழித்த மனுஷனுக்கு வயதான காலத்தில் ஓர் ஆசை வந்தது. பனி பொழிவதை ஒருதரம் நேரில் பார்க்க வேண்டும். ஆசையை மூட்டியவன் மகன் பாலகுமார். கனடாவில் கம்ப்யூட்டர் வேலை போக மிச்ச நேரத்தில் அவன் 'மைனஸ் டிகிரி மச்சான்' என்று ஒரு யூடியூப் சேனல் நடத்தினான். அதில் பனிச்சரிவில் சறுக்குவான். உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிப்பான். கடைசியில் கோழியும் காளானும் பார்லியும் கொதிக்கிற கெட்டி சூப்பை மரக்கரண்டியால் கிண்டி, ஒரு வாய் வைத்து, கண்ணை மூடி, "மக்களே, இதாண்டா வாழ்க்கை!" என்பான். அவன் கண்ணை மூடுவதைப் பார்க்கவே உலகம் முழுக்க ஆள் இருந்தது.

அப்பா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பார்த்தார். பார்த்துவிட்டுப் போன் போட்டு, "அந்த சூப்ப ஒரு வாய் குடிச்சுப் பாக்கணும்டா பாலா" என்பார். "அடுத்த வின்டருக்குக் கண்டிப்பாப்பா" என்பான் அவன். கனடாவுக்கு வருஷத்துக்கு ஒரு வின்டர் தவறாமல் வந்தது. அப்பாவுக்குத்தான் அடுத்தது வரவே இல்லை. குரங்குக் குல்லாவும் ஸ்வெட்டரும் அந்துருண்டையோடு பீரோவில் காத்திருந்தன. மார்கழி பிறந்து கொஞ்ச நாளில், பல் தேய்த்துக்கொண்டிருந்தபோதே அப்பா சரிந்தார்.

வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீட்டுக்குக் காரும் ஏசியும் வந்து சேருமோ சேராதோ, ஐஸ் பெட்டி வந்து சேர்ந்துவிடும். சிதம்பரத்தில் ஓமக்குளம் பக்கத்து அந்தத் தெருவே அதற்குச் சாட்சி. மகன் வரணும், மகன்தான் கொள்ளி வைக்கணும், அதுவரைக்கும் பெட்டி. தெற்கே தலை வைத்து, தலைமாட்டில் விளக்கேற்றி, ப்ளக்கைச் சொருகினார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் மாமாவின் ஏற்பாடு. தன் போனை ஒரு ஸ்டாண்டில் மாட்டிப் பெட்டியின் கால்மாட்டில் நிறுத்தி, வீடியோ காலைச் சுவரில் இருந்த பெரிய டிவியில் ஓடவிட்டார். "மவன் அப்பன் மொகத்தப் பாத்துக்கிட்டே இருக்கட்டும். ஊரு மவனப் பாத்துக்கிட்டே இருக்கட்டும்." ஊர் அப்படியே செய்தது. வந்தவர்கள் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி மாலையை வைத்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியை டிவி பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்.

முதல் நாள் இங்கே சாயங்காலம், டிவிக்குள் அங்கே காலை. மரத்தால் கட்டிய ஒரு வீட்டின் வாசல். அதற்குப் பின்னால் பால் ஊற்றி உறைய வைத்த மாதிரி ஓர் ஏரி, ஏரிக்கு அந்தப் பக்கம் கறுப்பாக ஊசியிலை மரங்கள். முன்னால் பாலகுமார், கம்பளிக் குல்லாவும் சிவப்புக் கையுறையுமாக; பக்கத்தில் விறகடுப்பில் சூப் கொதித்தது. கையுறையில் வெள்ளை நூலால் மான்கள் பின்னியிருந்தன. மான்களால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"ஏர்போர்ட்டே மூடிட்டாங்க மாமா. ஸ்னோ ஸ்டார்ம். வழியில மாட்டிக்கிட்டோம். நாளைக்கு எப்பிடியாவது கெளம்பிடுவேன். அதுவரைக்கும் அப்பாவ வச்சிருங்க மாமா."

அவன் தலைக்கு மேலே வானம் வெளுத்துக் கஞ்சி போட்ட நீலச்சட்டை மாதிரி பளிச்சென்று இருந்தது. ஒரு துளி மேகம் இல்லை. அந்த மரவீட்டை அவன் மனைவி சுவேதா தீபாவளிக்கே தன் ஸ்டேட்டஸில் போட்டு, பனிச் சறுக்கு, கேம்ப் ஃபயர், சூப், இன்னும் எத்தனை நாள் என்று விரல் மடக்கிக்கொண்டிருந்ததை இளமதி பார்த்திருந்தாள். சொல்லவில்லை. கூடத்தில் அழுதுகொண்டிருந்த அம்மாவுக்கு அது எதற்கு?

"சூப்புல என்னாம்மா போட்டிருக்கான்?" என்று கீரப்பாளையத்திலிருந்து வந்த ஒருவர் பக்கத்து ஆளிடம் விசாரித்தார்.

அப்போதுதான் பாலகுமாருக்குத் துக்கமும் கேமராவும் ஒன்றாகக் கூடிவந்தன. போனைத் திருப்பி ஏரியைக் காட்டினான். குரல் தழுதழுத்தது. "அப்பா, பாருங்கப்பா. ஸ்னோ. பாக்கணும் பாக்கணும்னீங்களே. வாங்கப்பா. வாங்க. வந்து ஒரு வாய் சூப் குடிச்சிட்டுப் போங்கப்பா."

கூடத்தில் இருந்தவர்கள் டிவியை விட்டுப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து போகிற ஊர் இது. பிணம் இருக்கிற கூடத்தில் 'வா' என்ற அந்த ஒரு சொல்லை யாரும் எடுப்பதில்லை.

"பொணத்தப் பாத்து 'வா'ங்கறானே பாவிப் பய!" என்று அமராவதி அத்தை மார்பில் கை வைத்துக்கொண்டாள்.

"எமோஷன்ல சொல்லிட்டான் வுடு," என்றார் மாமா. "படிச்ச புள்ள."

அந்த நேரத்தில் பெட்டியின் சத்தம் மாறியது. அதுவரை ஒரே சீராக ரீங்கரித்துக்கொண்டிருந்த மெஷின் ஒருதரம் இழுத்து மூச்சு வாங்கி நின்று, மறுபடி ஓடியது. கண்ணாடியின் உட்புறம் மெல்ல வெளுத்தது. கரண்ட் ஏறி இறங்குது என்றார் மாமா. மறுநாள் காலையில் அப்பாவின் கால் நனைந்திருந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் பாலகுமார் மாமாவிடம் ஒரு கோரிக்கை வைத்தான். ஒப்பாரிச் சத்தத்துக்குக் குழந்தை பூஜா தூங்காமல் பயப்படுகிறாளாம், அங்கே விடியக்காலையாம். "ஒங்க சைடு மட்டும் மியூட்ல போடுங்க மாமா. நாங்க பேசறது ஒங்களுக்குக் கேக்கும். பிக்சர் போய்க்கிட்டே இருக்கும், அது போதும்." மாமா போட்டார். அதன் பிறகு அம்மா ரத்தினம்மாள் அழுதது சிதம்பரத்துக்குள்ளேயே நின்றது.

சாயங்காலம் மழை தூறி, துக்கம் கேட்க வந்தவர்கள் கலைந்தார்கள். சொல்லாமல்தான் போனார்கள். பறையடிக்கிறவர்களையும் நாளைக்கு வாருங்கள் என்று மாமா அனுப்பிவிட்டார். கூடத்தில் ஊதுவத்தியும் வாடிய ரோஜாவும் ஈரச் செருப்பும் கலந்த நாற்றம் நின்றது. அடுப்புப் பற்றவைக்காத வீட்டுக்கே உரிய ஒரு சில்லிப்பு தரையிலிருந்து பாதத்துக்கு ஏறியது. விளக்குச் சுடரின் நிழல் பெட்டியின் கண்ணாடியில் பட்டு, அப்பாவின் மூக்குக்கு மேல் விரல் வைத்துப் பார்ப்பது போல ஆடிக்கொண்டிருந்தது. அம்மா பெட்டியின் பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தாள். மாமா வாசலில் பந்தலுக்குக் கீழே யாரிடமோ போனில் கனடாவின் சீதோஷ்ணத்தை விளக்கிக்கொண்டிருந்தார். அது பந்தல்காரரின் போன்.

டிவியில் பளீரென்ற காலை. பாலகுமார் ஏரிமேல் பூஜாவை ஒரு சறுக்குப் பலகையில் உட்கார வைத்துக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தான். குழந்தை கீச்சிட்டுச் சிரித்தது. சுவேதாதான் போனைப் பிடித்திருக்க வேண்டும், அவளும் சிரித்தாள். பிணத்துக்கு மகனைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற கடமை நடுவிலும் அவர்கள் விடுமுறையை வீணாக்கவில்லை.

ஏரிக்கு அந்தக் கரையில் மரங்களுக்கு முன்னால் ஒரு கம்பம் நின்றது.

நேற்றும் அது இருந்ததா என்று இளமதி யோசித்தாள். வெள்ளைக் கம்பம். வெள்ளைப் பனியில் வெள்ளைக் கம்பம் யார் நடுவார்கள்? பூஜாவின் பலகை ஒரு வளைவு சுற்றி வந்தது, படமும் கூடச் சுற்றியது. மறுபடி அந்தக் கரை தெரிந்தபோது கம்பம் மரங்களுக்கு முன்னால் இல்லை. ஏரிமேல் இருந்தது. அதற்குப் பின்னால், மரங்களிலிருந்து அதுவரைக்கும், பனியில் ஒரு தடம் நீண்டிருந்தது.

காலடித் தடம் என்றால் இடதும் வலதுமாக மாறி மாறி விழும். பூஜாவின் பிஞ்சுக் கால்கூட அப்படித்தான் குழி போட்டிருந்தது. இது ஒற்றைத் தடம். இரண்டு காலையும் ஒன்றாகத் தூக்கி ஒன்றாக வைத்தால் விழுகிற குழி. அடுத்த குழி. அடுத்தது. நடுவில் இழுத்த கோடு.

இரண்டு காலையும் ஒன்றாக.

அவள் அப்பாவின் கட்டைவிரல்களைப் பார்க்கத் திரும்பினாள். பார்க்க முடியவில்லை. கண்ணாடி முழுக்க உள்ளேயிருந்து வெளுத்திருந்தது.

"டாடி," என்றது டிவியில் பூஜாவின் குரல். "யாரோ குதிச்சுக் குதிச்சு வர்றாங்க."

"எங்கடா செல்லம்? முயலா?"

இளமதி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். வெளுப்பு உட்பக்கம். துடைக்கத் துடைக்கத் தன் கைதான் நனைந்தது. மூடிமேல் நெற்றியை வைத்துப் பார்த்தாள். உள்ளே மாலை தெரிந்தது. மாலை நடுவில் பள்ளமாக இருந்தது. கீழே தாங்க ஒன்றும் இல்லாதது மாதிரி.

"இளமதி," என்றாள் அம்மா. கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "ஒங்கப்பா எங்கடி போனாரு?"

டிவியில் படம் உறைந்தது. திரையில் சுற்றிச் சுற்றி வந்த லோடிங் வட்டம் நின்றபோது, ஏரிமேல் அந்தக் கம்பம் இல்லை. பெட்டி ஒருதரம் மூச்சு வாங்கியது. கண்ணாடி தெளிந்தது. அப்பா படுத்திருந்தார். மீசையில் வெள்ளையாகப் பூத்திருந்தது அவள் பார்க்கப் பார்க்கக் கரைந்து கன்னத்தில் வழிந்தது.

வாசலுக்கு ஓடினாள். "மாமா, நாளைக்குக் காலைல எடுத்துடணும். அவன் வந்தா வரட்டும், வராட்டி போவட்டும். நான் வைக்கிறேன் கொள்ளி."

மாமா போனைக் காதிலிருந்து எடுத்தார். "ஏம்மா, மவன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது பொண்ணு வச்சா ஊரு காறித் துப்பாது? இன்னொரு நாளு. அவனுக்கு மட்டும் ஆசையா? ஏர்போர்ட்டு மூடிக் கெடக்கு."

"ஏர்போர்ட்டு மூடல மாமா. அவன் டூர்ல இருக்கான்."

"துக்கத்துல வாய்க்கு வந்தத பேசாத," என்றார் மாமா, மறுபடி காதில் வைத்துக்கொண்டே. "மைனஸ் இருவதுங்க அங்க. நம்மளால நிக்கவே முடியாது."

தன் போனிலிருந்து பாலகுமாரைக் கூப்பிட்டாள். வெகுநேரம் அடித்தபின் எடுத்தான். பின்னால் பாத்திரச் சத்தம்.

"டேய் பாலா, நேத்து அப்பாவ நீ வாங்கன்னு கூப்ட்ட."

"ஆமாம். அதுக்கு என்னாக்கா?"

"அவரு வந்துகிட்டு இருக்காருடா. ஏரி மேல பாத்தேன். பூஜா பாத்தா. ஒரே ஒரு வார்த்த சொல்லு. கேமரா முன்னாடி நின்னு, 'போங்கப்பா, நான் வரல, நீங்க நிம்மதியாப் போங்க'ன்னு சொல்லு. உண்மையச் சொல்லு."

அந்தப் பக்கம் அவன் சிரித்தான். "அக்கா, நீ தூங்கி எவ்ளோ நேரமாச்சு? எனக்கும் வலி இருக்குக்கா. நான் அத வேற மாதிரி ப்ராசஸ் பண்றேன். நாளைக்கு பாரு, அப்பாவுக்காக ஒண்ணு ஸ்பெஷலா பண்றேன். நீயே அழுதுடுவ."

வைத்துவிட்டான்.

அவள் கூடத்துக்குத் திரும்பி வந்து பெட்டி அருகில் நின்றாள். அப்பா படுக்கையில் கிடந்த காலத்தில் கஞ்சி கரைத்தவள் அவள். மூத்திரப் பையை மாற்றியவள் அவள். கடலூரிலிருந்து பஸ் பிடித்து வந்து வந்து போனவள். அதற்கெல்லாம் ஒரு வீடியோ இல்லை. கண்ணாடிமேல் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

"எங்களப் போட்டு ஏம்ப்பா வாட்டறீங்க. யாரு கூப்ட்டானோ, போயி அவனையே கேளுங்க."

சொன்ன மாத்திரத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவின் முகம் அப்படியேதான் இருந்தது. தாடைத் துணியின் முடிச்சு மட்டும், உச்சந்தலையில், காது மாதிரி இரண்டு முனையும் விறைத்து நின்றது.

விடிகிற நேரத்தில் கோயில் ஒலிபெருக்கி கரகரத்துப் பாட ஆரம்பித்தபோது இளமதிக்கு விழிப்பு வந்தது. எப்போது கண்ணயர்ந்தாள் என்று தெரியவில்லை. வாசல் கதவு வழியே மார்கழி மூட்டம் கூடத்துக்குள் வந்து தரையோடு தரையாகப் படுத்திருந்தது. மாமா பிளாஸ்டிக் நாற்காலியில் வாய் பிளந்து உறங்கினார். அம்மா அதே இடத்தில், அதே சுவரில். தலைமாட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுடர் ஆடவில்லை. நெய்யில் குத்தி வைத்த ஊசி மாதிரி நின்றது.

ஏதோ வாசனை. ஊதுவத்தி இல்லை. மிளகு, வெண்ணெய், வேகும் கோழி. அடுப்பெரியாத வீட்டில்.

டிவியைப் பார்த்தாள்.

அங்கே இரவு விழுந்திருந்தது. மரவீட்டுக்குள் மஞ்சள் விளக்கு. மேஜைமேல் ஆவி பறக்கும் பெரிய பானை. சுவேதாவும் பூஜாவும் உட்கார்ந்திருந்தார்கள். பாலகுமார் விறகு எடுத்துவந்த கையோடு, கையுறையைக்கூடக் கழற்றாமல், கேமராவுக்கு நேராக வந்து நின்றான்.

"மக்களே, இன்னிக்கு ஒரு எமோஷனலான எபிசோட். எங்கப்பா இந்த சூப்புக்கு ரொம்ப ஆசப்பட்டாரு." நான்காவது நாற்காலியை இழுத்துப் போட்டான். அதன் முன்னால் ஒரு கிண்ணத்தை வைத்தான். நிறைய ஊற்றினான். கரண்டியை வைத்தான். "இது அப்பாவுக்கு. வாங்கப்பா. ஒக்காருங்க."

இதுதான் ஸ்பெஷல். ஊரில் இருந்திருந்தால் இலை போட்டுப் படைக்க வேண்டியதை அவன் எபிசோட் ஆக்கியிருந்தான்.

பெட்டி மூச்சு வாங்கியது.

இந்தத் தரம் மறுபடி ஓடவில்லை. ரீங்காரம் நின்ற இடத்தில் ஓர் அமைதி, அந்த அமைதிக்குள் கண்ணாடி விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வெளுத்துக்கொண்டே வந்தது.

தொம்.

டிவியிலிருந்துதான். மரத்தரையில் பாரமாக ஏதோ விழுந்த சத்தம்.

தொம்.

"யாரு?" என்றாள் சுவேதா.

"பக்கத்து கேபின்காரரா இருக்கும். படி ஏறி வர்றாரு." பாலகுமார் திரும்பினான்.

தொம். ஒவ்வொரு படிக்கும் ஒரு சத்தம். ஒரு காலுக்கு ஒன்று இல்லை. இரண்டு காலுக்கும் ஒன்று.

"பாலா! தொறக்காதடா!"

கத்திய பிறகுதான் நினைவு வந்தது. மியூட். சிதம்பரத்தில் என்ன கத்தினாலும் அங்கே போகாது. போனுக்குப் பாய்ந்தாள். ஸ்டாண்டோடு சேர்த்துப் போன்மேல் வெள்ளைப் படலம் பிடித்திருந்தது. சுரண்டினாள். மைக் அடையாளத்தை அழுத்தினாள். விரல் ஈரம், திரை ஈரம். எடுக்கவில்லை. புடவையில் துடைத்து அழுத்தினாள். எடுக்கவில்லை. தன் போனை எடுத்து அவனைக் கூப்பிட்டாள். டிவிக்குள் மேஜைமேல் அவன் இன்னொரு போன் அதிர்ந்தது. அவன் கதவருகே போய்விட்டிருந்தான்.

"மாமா! எழுந்திரிங்க! மியூட்ட எடுங்க!"

மாமா வாயைச் சப்புக்கொட்டித் தலையை மறுபக்கம் சாய்த்தார்.

சத்தம் கதவுக்கு வெளியே நின்றது. தட்டவில்லை. காத்திருந்தது. வெகுகாலம் காத்துப் பழகியவர் நிற்கிற மாதிரி.

சிவப்புக் கையுறை தாழ்ப்பாளில் பட்டது.

திரை வெளுத்தது. பனிக்காற்று கேமராவில் அறைந்து, விளக்கு ஆடி, சுவேதாவின் கரண்டி எங்கோ விழுந்து உருண்டது. பூஜா ஒரே ஒரு சொல் சொன்னாள்.

"தாத்தா."

மெல்லத் தெளிந்தது. கதவு விரியத் திறந்திருந்தது. வாசலில் கம்பளிக் குல்லா கிடந்தது. பாலகுமார் இல்லை. சுவேதா குழந்தையை மார்போடு அழுத்திக்கொண்டு, சுவரோரம், வாயைத் திறந்தபடி. சத்தம் வரவில்லை.

நான்காவது நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தார். முதுகும் ஒரு பக்கத்துத் தாடையும் தெரிந்தன. புது வேட்டியின் கரை அட்டை மாதிரி விறைத்திருந்தது. மெதுவாக இரண்டு கையும் தலைக்கு மேலே போயின. உச்சந்தலை முடிச்சைத் தேடின. பொறுமையாக அவிழ்த்தன. துணி நழுவியது. தாடை கீழே விழுந்தது. மார்பு வரைக்கும் விழுந்தது.

கரண்டியை எடுத்தார்.

உறிஞ்சும் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. நிதானமாக. ருசியாக. இளமதிக்குத் தெரிந்த சத்தம். கஞ்சி குடிக்கிறபோது கேட்ட அதே சத்தம்.

பின்னால் அம்மா அசைந்தாள். டிவியை அவள் பார்க்கவே இல்லை. பெட்டியின் பக்கம் நகர்ந்து, கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்து, தூங்குகிற பிள்ளையை எழுப்புகிற குரலில் கேட்டாள்.

"வந்துட்டியா பாலா?"

வெளுத்த கண்ணாடிக்கு உள்ளே ஏதோ உரசியது. உள்ளிருந்து ஒரு கை வெளுப்பைத் துடைத்து, ஒரு வட்டம் போட்டது. சிவப்புக் கம்பளிக் கை. அதன்மேல் வெள்ளை மான்கள். வட்டத்துக்குள் முதலில் நெற்றிக் காசு தெரிந்தது, பிறகு இமைக்காத இரண்டு கண், பிறகு தாடையை இறுக்கி உச்சந்தலையில் முடிந்த துணி; அந்தத் துணிக்குக் கீழே அவன் திறக்க முயன்று முயன்று தோற்றுக்கொண்டிருந்த வாய்.